ஒட்டும்போது ஷிஃப்டையும் சேர்த்து அழுத்துங்கள்

வேர்டில் எழுதியதை வலைப்பதிவில் ஒட்டும்போது கண்ட்ரோல் + வி வேண்டாம், கண்ட்ரோல் + ஷிஃப்ட் + வி அழுத்துங்கள். வெறும் எழுத்து மட்டும் வந்து விழும்.

சாதாரணமாக ஒட்டினால் வேர்டின் எழுத்துரு, அளவு, நிறம் எல்லாம் மறைவாகக் கூடவே வரும். ஒரு பத்தி பெரிதாக, அடுத்தது பொடியாகத் தெரிவது இதனால்தான். கறுப்பு என்று நிறம் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டால், டார்க் மோடில் படிப்பவருக்கு அந்தப் பத்தியே கண்ணில் படாது. அதை ஒவ்வொன்றாகச் சரிசெய்வது தலைவலி பிடித்த வேலை.

அட்டவணையும் இணைப்புகளும் நிறைந்த பதிவுக்கு இது ஒத்துவராது, அவையும் போய்விடும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டியது என்றால் ஆங்கில எழுத்துக் குப்பைதான் மிஞ்சும். முதலில் எந்த எழுத்துருவிலும் தமிழாகவே நிற்கும் பொதுக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள்.