பழைய பாணி மாதிரி ராக்கெட்: கட்டுவதும் மெருகேற்றுவதும்

பழைய பாணி மாதிரி ராக்கெட் கிட் (பாகங்களை நாமே ஒட்டிக் கட்டும் தொகுப்பு) என்று நான் குறிப்பிடுவது, வெர்ன் எஸ்டெஸ் 1958-இல் அமெரிக்காவின் கொலராடோவில் தொடங்கிய நிறுவனம் பரப்பிய வகையை. சுருள் காகிதக் குழாயில் உடலும், பால்சா என்ற லேசான மரத்தில் கடைந்த மூக்கும், பால்சா தகட்டில் வெட்டிய துடுப்புகளும், தண்ணீரில் ஊறவைத்து ஒட்டும் டீகால் என்ற அச்சுப் படங்களும் அதன் அடையாளங்கள். பிற்காலக் கிட்கள் பலவற்றில் மூக்கு பிளாஸ்டிக்காக மாறிவிட்டது. பால்சாக் கிட்டின் அழகு பெயின்ட் தொடுவதற்கு முன்பே தீர்மானமாகிவிடுகிறது; ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் என்று கடலை ஒட்டி வாழ்பவர்கள் காற்றின் ஈரத்தையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

துடுப்புகளில் தொடங்குங்கள். மர இழை துடுப்பின் முன்விளிம்புக்கு இணையாக ஓடும்படி வெட்ட வேண்டும்; குறுக்கே ஓடினால், ராக்கெட் தரையில் மோதும்போது துடுப்பு இழையோடு பிளந்துவிடும். வெட்டிய துடுப்புகளை ஒன்றாக அடுக்கிப் பிடித்து 220-ஆம் நம்பர் உப்புத்தாளில் தேய்த்தால் எல்லாம் ஒரே அளவுக்கு வரும். பிறகு முன்விளிம்பை உருட்டி, பின்விளிம்பை மெலிதாக்குங்கள். குழாயில் ஒட்டும் விளிம்பை மட்டும் தட்டையாகவே விட்டுவிட வேண்டும்.

குழாயின் மீது நேர்கோடு இழுக்க, கதவு நிலையின் உள்மூலையில் குழாயைப் படுக்கவைத்து, மூலையையே ஸ்கேலாகக் கொண்டு பென்சில் ஓட்டினால் கோடு பிசகாது. மோட்டாரை (ராக்கெட்டை உந்தும் கருமருந்துக் குழலை) பிடித்துக்கொள்ளும் தாங்கியைச் செருகும்போது குழாயின் உட்புறத்தில் ஃபெவிகால் தடவி, ஒரே தள்ளில் கடைசி வரை கொண்டுபோக வேண்டும். நடுவில் நிறுத்தினால் தாங்கியின் வளையம் அங்கேயே கவ்விக்கொள்ளும், பிறகு அசையாது. துடுப்பை ஒட்டுவதற்கு இரட்டைப் பசை முறையே சிறந்தது. துடுப்பின் அடியிலும் குழாயின் கோட்டிலும் மெல்லிதாகப் பசை தடவி உலரவிட்டு, மீண்டும் ஒரு கோடு பசையிட்டு அழுத்தினால் சற்று நேரத்திலேயே நின்றுவிடும். இணைப்பின் இருபுறமும் விரல்நுனியால் பசையை வழித்துவிட்டு, குழாயைக் கிடைமட்டமாக வைத்து உலரவிடுங்கள். பாராசூட்டை இழுத்துப் பிடிக்கும் ரப்பர் நாடாவை, மடித்த காகிதத் துண்டுக்குள் வைத்து, மூக்கின் அடிப்பகுதி இடிக்காத ஆழத்தில் குழாயின் உட்சுவரில் ஒட்ட வேண்டும்.

இனி வருவதுதான் பொறுமை கேட்கும் பகுதி. துடுப்பை டியூப்லைட் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். ஊசியால் கீறியதுபோல் சின்னச் சின்னப் பள்ளங்கள் வரிவரியாகத் தெரியும். அவை நிரம்பாமல் எந்தப் பெயின்டும் அவற்றை மறைக்காது, பளபளப்பான பெயின்ட் இன்னும் கூட்டியே காட்டும். மரவேலைக்கென்று பெயின்ட் கடைகளில் விற்கும் சாண்டிங் சீலரைத் தின்னரில் இளக்கி ஒரு கை பூசி, உலர்ந்தபின் 400-ஆம் நம்பரில் தேய்த்து, மறுபடி பூச வேண்டும். மூன்று நான்கு கை ஆனபின் அதே வெளிச்சத்தில் வரிகள் மறைந்திருக்கும். மறையவில்லையென்றால் இன்னொரு கை பூசுங்கள். துடுப்பின் இரு பக்கமும் ஒரே அமர்வில் பூசுவது முக்கியம், ஒரு பக்கம் மட்டும் பூசினால் மெல்லிய தகடு வளைந்துவிடும். குழாயின் சுருள் பள்ளத்தை மரத்துக்கான பட்டியால் (புட்டி) நிரப்பி, காகிதம் பஞ்சுபோல் எழாத அளவுக்கு மட்டும் தேய்த்தால் போதும். சீலரும் தின்னரும் எளிதில் தீப்பற்றுபவை; எரியும் அடுப்போ சாமி விளக்கோ உள்ள அறையில் அவற்றைத் திறக்கவே கூடாது.

பெயின்டுக்கு நாளும் நேரமும் பார்க்க வேண்டும். தின்னர் ஆவியாகும்போது பூச்சின் மேற்பரப்பு குளிர்கிறது. ஈரமான காற்றில் அந்தக் குளிர்ச்சியில் நீர் படிந்து, லாக்கர் வகைப் பூச்சு பால்போல் வெளுத்துவிடுகிறது. ஆகவே ஐப்பசி, கார்த்திகை மழைநாட்களில் தேய்ப்பு வேலையை வைத்துக்கொண்டு, பெயின்டை வெயில் நாளுக்குத் தள்ளிவையுங்கள். பனி ஈரம் காய்ந்தபின், கடற்காற்று எழுவதற்கு முன் உள்ள முற்பகல் நேரமே மொட்டை மாடியில் ஸ்ப்ரே செய்ய உகந்தது. துறைமுகச் சாலைகளுக்கு அருகில் இருப்பவர்கள் கன்டெய்னர் லாரிப் புழுதிக்கு அஞ்சி, பெரிய அட்டைப்பெட்டியைப் படுக்கவைத்து அதற்குள் அடிப்பது நல்லது. முதலில் வெள்ளை, அதன் மேல் சிவப்போ கறுப்போ. மாஸ்கிங் டேப் ஒட்டியதும் அதன் விளிம்பில் மீண்டும் மெல்லிதாக வெள்ளையே அடித்தால், அடுத்த நிறம் உள்ளே கசியாது.

டீகாலைப் பளபளப்பான பரப்பில்தான் ஒட்ட வேண்டும். பாத்திரம் கழுவும் திரவம் ஒரு துளி கலந்த நீரைக் குழாயில் தடவி, ஊறிய டீகாலை அதன்மேல் நகர்த்தி நிறுத்தி, நடுவிலிருந்து ஓரத்துக்குத் துணியால் ஒற்றுங்கள். நன்றாகக் காய்ந்தபின், மேற்பூச்சைத் தூவியதுபோல் லேசாக அடியுங்கள். ஒரேயடியாகக் கனமாக அடித்தால் டீகால் சுருங்கும்.

முடிந்த ராக்கெட்டின் சமநிலையையும் சோதியுங்கள், ஏனெனில் வால்பக்கம் சேரும் பெயின்ட் எடை அதன் நிலைத்தன்மையைக் குறைக்கிறது. 18 மி.மீ. மோட்டாருக்கு ஈடாக ஏறக்குறைய 20 கிராம் எடையைத் தாங்கியில் வைத்து, சமநிலைப் புள்ளியில் நூல் கட்டித் தலைக்கு மேல் சுழற்றும்போது மூக்கு முன்னே சென்றால் சரி. இல்லையென்றால் மூக்கின் அடியில் துளையிட்டு, அதில் சிறிது களிமண் சேர்க்க வேண்டும். மோட்டாரில் இருக்கும் கருமருந்து நம் நாட்டில் 1884-ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டத்துக்கு உட்பட்டது. பட்டாசு மருந்தைக் கொட்டி மோட்டார் செய்ய ஒருபோதும் முயலாதீர்கள், வீடுகள் நெருங்கிய வட சென்னையில் எதையும் ஏவாதீர்கள். இங்கே இதை அலமாரிக்காகவே கட்டுங்கள். ஆனால் பறக்கத் தகுந்ததாகக் கட்டுங்கள்.