ரெக்கோடரைச் செருகியதும் நம் செயலி திறக்க: லினக்ஸில் கோப்புறை வகையை இணைக்கும் முறை

கமராவின் மெமரி கார்டைச் செருகினால் "படச் செயலியான ஷொட்வெல்லில் திறக்கவா?" என்று உபுண்டு கேட்பதைப் பார்த்திருப்பீர்கள். கார்டின் முதல் மட்டத்தில் 'டிசிஐஎம்' என்ற கோப்புறை இருக்கிறதா என்று டெஸ்க்டொப் எட்டிப் பார்க்கிறது. இருந்தால் அது கமரா கார்டு. இதே வழியில் நமக்கென்று ஒரு புது வகையையும் சொல்லிக் கொடுக்கலாம்.

எனக்கு இது தேவைப்பட்டது குரல் ரெக்கோடர்களுக்காக. திருகோணமலையைச் சுற்றி, நிலாவெளி, மூதூர், தம்பலகாமம் என்று முதியவர்களின் பாட்டையும் பேச்சையும் நாங்கள் சிலர் பதிவு செய்கிறோம். கரைவலை இழுக்கும்போது பாடுகிற அம்பாப் பாட்டை முழுதாகப் பாடக்கூடியவர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள். ஒரு பதிவு அழிந்தால் அதே பாட்டை மறுபடி கேட்கக் கிடைக்கும் என்று நம்பியிருக்க முடியாது. அதனால் ரெக்கோடரைச் செருகியவுடன், யார் செருகினாலும், ஒரு பட்டனில் எல்லாம் பிரதியாக வேண்டும்.

கீழே கட்டளைகளை ஒலிக்கிறபடி தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். நான் செய்தது உபுண்டுவில் வழக்கமாக வரும் க்னோம் டெஸ்க்டொப்பில்.

முதல் படி: வகையை உருவாக்குவது

கோப்பு வகைகளுக்குக் கணினி வைக்கும் பெயர்முறை 'மைம்'; அவற்றின் விவரம் எக்ஸ்எம்எல் கோப்பில் இருக்கும். அந்தக் கோப்பைப் புதிதாக எழுதிக் கஷ்டப்பட வேண்டாம். /யூஎஸ்ஆர்/ஷேர்/மைம்/பேக்கேஜஸ் உள்ளே ஃப்ரீடெஸ்க்டொப் பெயரில் ஒரு பெரிய எக்ஸ்எம்எல் கோப்பு இருக்கும். அதில் 'இமேஜ்-டிசிஎஃப்' என்று தேடுங்கள். கமரா கார்டுக்கான பத்தி அதுதான். அதைப் பிரதி எடுத்து, ~/.லோக்கல்/ஷேர்/மைம்/பேக்கேஜஸ் உள்ளே (~ என்றால் உங்கள் வீட்டுக் கோப்புறை) ஒரு புதுக் கோப்பில் ஒட்டுங்கள். பத்தியைச் சுற்றி 'மைம்-இன்ஃபோ' திறக்கும் வரியும் மூடும் வரியும் வர வேண்டும். திறக்கும் வரியையும் அதே பெரிய கோப்பிலிருந்து அப்படியே எடுங்கள்.

மாற்ற வேண்டியவை இரண்டு. வகையின் பெயரை 'எக்ஸ்-கொன்டென்ட்/எக்ஸ்-ரெக்கோடர்' ஆக்குங்கள். முன்பாதியை மாற்றக் கூடாது. அப்புறம் 'ட்ரீமேட்ச்' வரியில் பாத் என்ற இடத்தில் உங்கள் சாதனத்தின் கோப்புறைப் பெயர். எங்களுடைய சோனி ரெக்கோடர்களில் அது 'ரெக்_ஃபைல்'. அதே வரியில் உள்ள 'நொன்-எம்ப்டி' இருக்கட்டும்: கோப்புறை காலியாக இருந்தால் தொந்தரவு செய்யாது. விளக்க வரிகள் பல மொழிகளில் இருக்கும். மொழிக் குறியீடு இல்லாத ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை நீக்குங்கள். அதில் தமிழிலேயே "குரல் ரெக்கோடர்" என்று எழுதலாம்.

பிறகு 'அப்டேட்-மைம்-டேட்டாபேஸ்' கட்டளை. அதற்கு மைம் கோப்புறையைக் கொடுக்க வேண்டும், உள்ளே இருக்கும் பேக்கேஜஸை அல்ல. சரியாக ஓடியிருந்தால் மைம் கோப்புறைக்குள் 'ட்ரீமேஜிக்' என்ற கோப்பு வந்திருக்கும். ஒருமுறை லொக்-அவுட் செய்து வாருங்கள்.

இரண்டாம் படி: சோதிப்பது. இங்கே நிதானம் வேண்டும்

பரிசோதிக்க வீட்டுக் கோப்புறைக்குள் 'ரெக்_ஃபைல்' என்று ஒன்றை உருவாக்கிப் பார்க்கத் தோன்றும். எத்தனை தடவை பார்த்தாலும் ஒன்றும் நடக்காது. எக்ஸ்எம்எல்லில் பிழை என்று நினைத்து நல்ல கோப்பையே திரும்பத் திரும்ப மாற்றிக்கொண்டிருப்போம். பிழை அங்கே இல்லை. இந்தச் சோதனை, செருகியதும் மவுண்ட் ஆகும் (கணினியோடு இணையும்) சாதனத்தின் முதல் மட்டத்துக்கு மட்டுமே உரியது. வன்தட்டில் உள்ள சாதாரணக் கோப்புறை, அதற்குள் என்ன இருந்தாலும், கணினிக்கு 'ஐநோட்/டிரெக்டரி' என்ற வகைதான்.

ஆகவே ஒரு பென் டிரைவில் அந்தப் பெயரில் கோப்புறை வைத்து, உள்ளே ஏதாவது ஒரு கோப்பைப் போட்டு, கழற்றிச் செருகுங்கள். பிறகு டெர்மினலில் 'ஜியோ மவுண்ட்', அதோடு எல், ஐ என்ற இரண்டு எழுத்துகளையும் ஒரே கோட்டுக்குப் பின்னால் சேர்த்துத் தட்டுங்கள். வரும் நீண்ட பட்டியலில் 'எக்ஸ்_கொன்டென்ட்_டைப்ஸ்' என்ற வரியில் உங்கள் வகை தெரிய வேண்டும். அது தெரியும்வரை அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

மூன்றாம் படி: செயலி

~/.லோக்கல்/ஷேர்/அப்ளிகேஷன்ஸ் உள்ளே ஒரு .டெஸ்க்டொப் கோப்பு. வழக்கமான வரிகள்தான். 'மைம்டைப்' வரியில் நம் வகை, கடைசியில் அரைப்புள்ளி. 'எக்ஸெக்' வரியில், பிரதி எடுக்கப்போகும் ஸ்கிரிப்டின் (அதைப் பற்றிக் கீழே) முழுப் பாதை. இங்கே ~ குறி வேலை செய்யாது, /ஹோம் என்று தொடங்கி எழுதுங்கள். முடிவில் சதவீதக் குறியும் சிறிய எஃப் எழுத்தும். பெரிய யூ போட்டால் பாதைக்குப் பதிலாக 'ஃபைல்://' என்று தொடங்கும் முகவரி போகும், பிரதி எடுக்கும் ஆர்சிங் கட்டளைக்கு அது விளங்காது. 'அப்டேட்-டெஸ்க்டொப்-டேட்டாபேஸ்' ஓட்டி, 'எக்ஸ்டிஜி-மைம் டிஃபோல்ட்' மூலம் நம் வகையையும் இந்த .டெஸ்க்டொப் கோப்பையும் இணைத்துவிடுங்கள்.

ஸ்கிரிப்டுக்கு ஆர்சிங்கே போதும். 'இக்னோர்-எக்ஸிஸ்டிங்' தெரிவோடு பயன்படுத்துங்கள்; அதே பெயரில் ஏற்கனவே உள்ள கோப்பை அது தொடாமல் தாண்டிப் போகும். கார்டிலிருந்து அழிக்கும் வேலையை எந்த ஸ்கிரிப்டிடமும் கொடுக்காதீர்கள், அது மனிதர் கேட்டுப் பார்த்துவிட்டுச் செய்ய வேண்டியது. வரும் பாதையை மேற்கோள் குறிக்குள் வையுங்கள், சாதனப் பெயரில் இடைவெளி இருந்தாலும் தடுமாறாது. ஸ்கிரிப்டுக்கு இயக்கும் அனுமதி கொடுக்க மறக்க வேண்டாம்.

இனிச் செருகினால் திரையில் அறிவிப்பு வரும், அதில் நம் செயலியின் பெயர் இருக்கும். கேட்காமலே ஓட வைக்கவும், க்னோமின் அமைப்புகளை மாற்றும் ஜிசெட்டிங்ஸில் வழி உண்டு: மீடியா-ஹேண்ட்லிங் பகுதியில் 'ஓட்டோரன்-எக்ஸ்-கொன்டென்ட்-ஸ்டார்ட்-ஆப்' பட்டியலில் நம் வகையைச் சேர்க்கலாம். ஏற்கனவே இருக்கும் பட்டியலைப் படித்து அதோடு சேர்க்க வேண்டும், இல்லையென்றால் பழையது அழிந்துவிடும். நான் அறிவிப்போடு நிறுத்திக்கொள்ளச் சொல்வேன். பிறர் கொண்டுவரும் பென் டிரைவிலும் அதே பெயரில் கோப்புறை இருக்கலாம்.

பின்னர் சேர்த்தவை

ஒரே மாதிரி ரெக்கோடர் இரண்டு இருந்தால் இரண்டின் பெயரும் ஒன்றாக இருக்கும். ஸ்கிரிப்ட் சாதனப் பெயரில் பிரதி எடுத்தால், ஒரே கோப்புப் பெயர் வரும்போது இரண்டாவது பதிவு பிரதியாகாமல் தாண்டிப் போய்விடும், எந்த எச்சரிக்கையும் வராது. டிஸ்க்ஸ் செயலியில் ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர் வையுங்கள். ஃபேட் என்ற கோப்பமைப்பு வடிவத்தில் பெயருக்கு 11 எழுத்துதான் இடம், ஆங்கிலத்தில் வைப்பது பாதுகாப்பு.

மூதூரிலிருந்து ஒரு தம்பி கேட்டது: கோப்புறைகளை இருமுறை சொடுக்கினால் எல்லாமே பிரதி ஸ்கிரிப்டில் திறக்கிறது. 'மைம்டைப்' வரியில் ஐநோட்/டிரெக்டரியையும் சேர்த்திருந்தார். கோட் எடிட்டர் நிறுவிய சிலருக்கும் இதே நிலை வருவதுண்டு. அந்த வகையை வரியிலிருந்து நீக்கி, 'எக்ஸ்டிஜி-மைம் டிஃபோல்ட்' மூலம் அதை, கோப்புறைகளைத் திறக்கும் செயலியான நோட்டிலஸின் .டெஸ்க்டொப் கோப்புக்குத் திருப்பிக் கொடுத்தால் சரியாகிவிடும்.

க்னோமுக்குப் பதிலாகக் கேடிஈ டெஸ்க்டொப் வைத்திருப்பவர்களுக்கு வழி வேறு. அங்கே ~/.லோக்கல்/ஷேர்/சொலிட்/எக்ஷன்ஸ் உள்ளே சாதனச் செயல் ஒன்றை எழுத வேண்டும். அது சாதனத்தின் வகையைப் பார்க்கும், கோப்புறையைப் பார்க்காது. 'ரெக்_ஃபைல்' இருக்கிறதா என்ற சோதனையை ஸ்கிரிப்டின் தொடக்கத்திலேயே வைத்துவிடுங்கள்.