அப்பாரு நடைக்கு ஒரு தாளம்: போனும் கலர் டேப்பும் போதும்

வீட்டில் பார்க்கின்சன் (நடுக்குவாதம்) வந்த பெரியவர் இருந்தால், கையில் ஸ்மார்ட்வாட்ச்சைக் கட்டிவிட்டு "இன்னைக்கு எத்தனை அடிங்க அப்பாரு?" என்று கேட்பதில் பெரிய பிரயோஜனம் இல்லை. வாட்ச் பெரும்பாலும் கை அசைவை வைத்துத்தான் அடியை எண்ணுகிறது, இந்த நோயிலோ கைவீச்சு சீக்கிரமே குறைந்துவிடும், கைத்தடியும் பிடித்தால் பல அடிகள் கணக்கிலேயே வராது.

நடையை ஒரு தாளத்துக்குப் பழக்க, முதலில் அவர் நிமிடத்துக்கு எத்தனை அடி வைக்கிறார் என்று தெரிய வேண்டும். அதை எண்ண இடுப்புதான் சரியான இடம். வேட்டிக்கு மேல் கட்டும் பச்சை பெல்ட்டின் பர்ஸில் இன்றைய போன் நுழையாது, அதனால் ஒரு துண்டில் வைத்து முதுகுப் பக்கம் ஆடாமல் இறுக்கிக் கட்டுங்கள். போனுக்குள் இருக்கும் ஆக்சிலரோமீட்டர் (அசைவை அளக்கும் சென்சார்) பதிவதை வரைபடமாகக் காட்டும் ஆப்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. கால் தரையில் படும்போதெல்லாம் ஒரு முகடு எழும். களத்தில் நேராக நடக்கவிட்டு (வேலிகளுக்கு நடுவே போகும் இட்டேரி வேண்டாம், மேடுபள்ளத்தில் கணக்கே மாறிவிடும்) அரை நிமிட முகடுகளை எண்ணி இரண்டால் பெருக்குங்கள். முகடுகளுக்கு நடுவே இடைவெளி சீராக இல்லையென்றால் அதைக் குறித்து வையுங்கள், விழும் ஆபத்துக்கு அது ஒரு அறிகுறி.

அப்புறம், பார்க்கின்சனுக்குக் கொடுக்கும் லெவோடோபா மாத்திரை வேலை செய்கிற நேரமும் வீரியம் இறங்கிய நேரமும் இரண்டு வேறு ஆள் நடப்பது போல இருக்கும். அதனால் மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் கழித்து எண்ணினால், எப்போதும் அதே நேரத்தில்தான் எண்ண வேண்டும்.

சரி, நிமிடத்துக்கு 92 அடி வந்தது என்று வைத்துக்கொள்வோம். சீராக டிக் டிக் என்று தாளம் போடும் மெட்ரோனோம் ஆப்பை 92-இல் வையுங்கள், டிக்குக்கு ஒரு அடி. பழகியபின் பத்து சதவீதம், அதாவது 101 வரை ஏற்றலாம். ஆனால் நடுவில் கால் தரையோடு ஒட்டிக்கொண்டது போல நின்றுவிடுகிறவர்களுக்கு ஏற்றாதீர்கள், கொஞ்சம் இறக்கிப் பாருங்கள். டிக் டிக் எரிச்சலாக இருந்தால், அடி தெளிவாக விழுகிற வள்ளி கும்மிப் பாட்டு ஒன்றை அதே வேகத்தில் தேடிப் போடுங்கள். பக்கத்தில் பவர்லூம் ஓடினால் எந்தத் தாளமும் காதில் ஏறாது, அது வேறு விஷயம்.

கால் ஒட்டிக்கொள்வது பெரும்பாலும் வாசல் நிலவுப்படியிலும் திரும்பும் இடத்திலும்தான். அங்கே தரையில் கலர் டேப்பைக் குறுக்கே, அவர் எடுக்கும் அடியைவிடச் சற்றுக் கூடுதலான இடைவெளியில் ஒட்டி, ஒவ்வொரு கோட்டையும் தாண்டி வைக்கச் சொல்லுங்கள். ரெட் ஆக்ஸைடு தரைக்கு வெள்ளை அல்லது மஞ்சள். கயிறு, குச்சி வேண்டவே வேண்டாம், தடுக்கும்.

ஏற்கெனவே விழுந்திருக்கிறார் என்றால் பிசியோதெரபிஸ்டிடம் காட்டிவிட்டு ஆரம்பியுங்கள். ரோட்டோரம் நடக்கும்போது இயர்போன் ஒரு காதில் மட்டும்.