தொழிற்பாட்டுவாதக் கேள்விக்கு விடை எழுதுவது எப்படி?

சமூகம் ஒழுங்காக இயங்க அதன் ஒவ்வொரு பகுதியும் ஒரு வேலையைச் செய்கிறது என்ற பார்வைதான் தொழிற்பாட்டுவாதம். பள்ளிக்கூடம் செய்யும் வேலை என்ன என்பதே இங்கே கேள்வி. மட்டக்களப்புக் கல்லடியில் என்னிடம் சமூகவியல் படிக்கும் பிள்ளைகளிடம் சொல்வேன்: பெயர்களை மட்டும் பாடமாக்காதீர்கள், உங்கள் பள்ளிக்கூட வாசலில் இருந்து தொடங்குங்கள்.

காலைக்கூட்டம், வெள்ளைச் சீருடை, எல்லோரும் சேர்ந்து பாடும் தேசிய கீதம். சமூகவியலாளர் டூர்க்கைம் சொன்ன சமூக ஒருமைப்பாடு, அதாவது எல்லோரையும் ஒன்றாகக் கட்டும் ‘நாம்’ என்ற உணர்வு, இதில் இருக்கிறது.

அடுத்தது சமூகவியலாளர் பார்சன்ஸ் 1959இல் பள்ளி வகுப்பறை பற்றி எழுதியது. இதை நிதானமாக எழுதுங்கள். வீட்டில் என் மகன் தனிச்செல்லம். முதலாம் தரத்தில் அவன் கொப்பியிலும் மற்றப் பிள்ளைகளுக்குப் போலவே சிவப்புக் கோடு விழுந்தது, அழுதுகொண்டு வந்தான். எல்லோருக்கும் ஒரே அளவுகோல்: குடும்பத்துக்கும் சமூகத்துக்கும் இடையே பள்ளி பாலம் என்பது இதுதான்.

முக்கியமான பதவிகளுக்குத் திறமையானவர்கள் வர, பதவிக்கேற்ப வெகுமதியில் ஏற்றத்தாழ்வு தேவை என்றார்கள் டேவிஸ், மூர் (1945) என்ற இரு சமூகவியலாளர்கள். அவர்களைப் பற்றி எழுதும்போது, பிள்ளைகளைத் தெரிவு செய்யும் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையைக் காட்டலாம். பிறகு விமர்சனம் கட்டாயம். டியூசனுக்குக் காசில்லாத வாகரைக் கிராமத்துப் பிள்ளையும் நகரத்துப் பிள்ளையும் ஒரே கோட்டில் நின்றா ஓடுகிறார்கள்? இதைக் கேட்காத விடைக்கு நான் முழுப் புள்ளி போடுவதில்லை.