கை நரம்பு அறுந்தால் உள்ளே என்ன நடக்கும், நாம் என்ன செய்வது

திருப்பூர் கட்டிங் மேஜையோ, சோமனூர்ப் பக்கத்துத் தறியோ, வீட்டுக் கண்ணாடியோ, எதில் வெட்டுப்பட்டாலும் சரி, தையல் போட்ட பிறகும் விரல் மரத்தே கிடந்தால் "நாள் போனா சரியாயிருமுங்க" என்று விட்டுவிடாதீங்க. விரல் நுனியில் உணர்ச்சி இருக்கிறதா, விரல் மடங்கி நீள்கிறதா என்று அன்றைக்கே டாக்டரைச் சோதிக்கச் சொல்லுங்கள். முழுதாக அறுந்த நரம்பைத் தைத்துத்தான் ஆக வேண்டும், அதையும் சீக்கிரம் செய்வதே நல்லது.

தைத்த உடனே உணர்ச்சி வராது. வெட்டுக்குக் கீழே விரல் பக்கம் இருக்கும் நரம்பிழை சில நாளில் துண்டு துண்டாகச் சிதைந்துவிடும். அதைச் சுற்றி வயருக்கு மேலுறை போல இருக்கும் மயலின் என்ற கொழுப்பு உறையை, அதை உருவாக்கிய ஷ்வான் செல்களே முதலில் உடைக்க ஆரம்பிக்கும், அப்புறம் ரத்தத்திலிருந்து வரும் மேக்ரோபேஜ் செல்கள் மிச்சத்தைத் தின்று தீர்க்கும். தவளையின் நாக்கு நரம்பை வெட்டிப் பார்த்து இந்தச் சிதைவை 1850இல் விவரித்தவர் ஆங்கிலேய மருத்துவர் அகஸ்டஸ் வாலர். கேட்கப் பயமாக இருந்தாலும் இது நடந்தே ஆக வேண்டும்: சோளக்கட்டையைப் பிடுங்கி உழாத காட்டில் அடுத்த வெள்ளாமை எப்படி வரும்? பழைய மயலின் குப்பை கிடந்தால் புது இழை வளரத் தடையாகும். குப்பை போனதும் ஷ்வான் செல்கள் வரிசைகட்டி நின்று வழிகாட்ட, இழை நாளுக்குச் சுமார் 1 மி.மீ. வளரும். காயத்திலிருந்து விரல் நுனிவரை ஸ்கேல் வைத்து அளந்தால், எத்தனை மாதம் பொறுக்க வேண்டும் என்று ஓரளவு தெரிந்துவிடும்.

நரம்பு வெறுமனே நசுங்கி, இழை அறாமல் அந்த இடத்து மயலின் மட்டும் போயிருந்தால் சில வாரங்களிலிருந்து மூன்று மாதத்துக்குள் பெரும்பாலும் தேறிவிடும்.

லேசாகக் கரண்டு வைத்து நரம்பு அதைக் கடத்துகிறதா என்று பார்க்கும் நரம்புக் கடத்தல் டெஸ்டை முதல் சில நாளிலேயே எடுத்தால் ஏமாற்றும், ஏனென்றால் அறுந்த நரம்பின் கீழ்ப்பகுதி அப்போதும் கரண்டுக்குப் பதில் சொல்லும். மூன்று வாரம் கழித்து எடுத்தால் தெளிவாகத் தெரியும். ஆனால் திறந்த வெட்டுக்காயத்தில் டெஸ்டுக்காக ஆபரேஷனைத் தள்ளிப்போடக் கூடாது.

மரத்த கைக்கு உப்பு ஒத்தடம், மணல் ஒத்தடம் எதுவும் வேண்டாம், வெந்து கொப்பளித்தாலும் உங்களுக்குத் தெரியாது. அடுப்படியிலும் கவனம். டாக்டர் அனுமதித்த பிறகு மூட்டுகளைத் தினமும் மடக்கி நீட்டுங்கள், விறைத்துப்போன மூட்டுக்கு நரம்பு திரும்பி வந்தும் பயனில்லை. நரம்பு போகும் வழியில் மெதுவாகத் தட்டினால் சுரீரென்று இழுக்கும் இடம் மாதாமாதம் விரலை நோக்கி நகர வேண்டும். மூன்று மாதமாக அசையாமல் அங்கேயே நின்றால் ஆபரேஷன் செய்த டாக்டரிடம் மறுபடி காட்டுங்கள், ஒன்றரை வருஷம்போல நரம்பில்லாமல் கிடந்த தசை பிறகு தேறுவது கஷ்டம்.