ஆப்பு அடிக்கும் முன் இழையைப் பாருங்கள்

ஒரு மரத்தின் துளைக்குள் செருக, இன்னொரு மரத்தின் முனையில் செதுக்கும் நாக்குதான் கழுந்து. அதில் ஆப்புக்கு ரம்பவெட்டு போடும்போது, துளையிட்ட மரத்தின் இழைக்குக் குறுக்காகப் போடுங்கள். ஜப்பானியத் தச்சர்கள் 'குசாபி' என்று சொல்லும் ஆப்பு உள்ளே இறங்கியதும் கழுந்து விரியும். அந்த அழுத்தம் இழையின் முனைகள் மேல் விழுந்தால் மரம் தாங்கும். துளையின் பக்கச் சுவர்களைத் தள்ளினால் இழையோடு பிளந்துவிடும், நல்ல மரம் வீண். வெட்டின் அடியில் சின்னத் துளை ஒன்றும் போட்டால் கழுந்தும் பிளக்காது.

பின்னால் கழற்ற வேண்டிய வேலைக்கு இது சரிப்படாது. அதிலும் ஆப்பு உள்ளேயே மறையும் 'ஜிகோகு ஹோஸோ', அதாவது நரகக் கழுந்து, ஒருமுறை இறங்கினால் இறங்கியதுதான். தூணை ஊடுருவிப் போகும் 'நுகி' சட்டத்துக்கு இந்த வெட்டே தேவையில்லை. சட்டத்துக்கும் துளைக்கும் இடையில் ஆப்பு அடித்தால் போதும். மரம் காய்ந்து சுருங்கினால் மறுபடி தட்டி இறுக்கலாம்.