பி.காம் படித்துக்கொண்டே சி.ஏ. ஆர்ட்டிகிள்ஷிப்

2023-இல் வந்த புதிய திட்டப்படி ஆர்ட்டிகிள்ஷிப், அதாவது ஆடிட்டரிடம் பெறும் செய்முறைப் பயிற்சி, இரண்டு ஆண்டுகள். சி.ஏ.வின் இரண்டாம் கட்டத் தேர்வான இன்டர்மீடியட்டின் இரண்டு குரூப்பும் தேறி, கணினியும் மென்திறனும் கற்றுத்தரும் ஐ.சி.ஐ.டி.எஸ்.எஸ். பயிற்சியும் முடித்த பிறகுதான் ஆடிட்டரிடம் சேர முடியும்.

பெரும்பாலோர் சறுக்குவது நேரத்தில். பயிற்சி வாரத்துக்கு 35 மணி நேரம்; கல்லூரி வகுப்பு அலுவலக நேரத்தோடு மோதக் கூடாது. காலை ஷிஃப்ட், மதிய ஷிஃப்ட் இரண்டுமே மோதும். மாலைக் கல்லூரியோ தொலைநிலைக் கல்வியோதான் நிம்மதி. பட்டப்படிப்புக்கு, சி.ஏ. படிப்பை நடத்தும் அமைப்பான ஐ.சி.ஏ.ஐ.யின் அனுமதியும் வேண்டும்: படிவம் 112-இல் வகுப்பு நேரத்தைக் காட்டி, கல்லூரி முதல்வரிடமும் ஆடிட்டரிடமும் கையொப்பம் வாங்குங்கள். இதைத் தள்ளிப்போடாதீர்கள். வருகைப்பதிவுக்காகப் பொய்யாக ஏற்பாடு செய்துகொண்டால் பயிற்சிக் காலமே கேள்விக்குள்ளாகும்.

விடுப்பு ஆண்டுக்கு 12 நாள்தான். அதைச் செமஸ்டர் தேர்வுக்கென்று காப்பாற்றுங்கள். செப்டம்பரில் வரித் தணிக்கை நெருக்கும், அப்போது விடுப்பு கேட்டால் கிடைப்பது கடினம்.

முதல் மாதங்களில் கொள்முதல் பதிவேட்டை ஜி.எஸ்.டி.ஆர்-2பி-யோடு (விற்றவர்கள் தாக்கல் செய்த பில்களைக் கொண்டு ஜி.எஸ்.டி. தளம் மாதந்தோறும் தரும் பட்டியல்) ஒப்பிடும் வேலை வரும். ஒரு பில் 2பி-யில் இல்லையென்றால் உடனே பிழை என்று எழுதிவிட வேண்டாம், விற்றவர் தன் விற்பனைக் கணக்கான ஜி.எஸ்.டி.ஆர்-1-ஐத் தாமதமாகத் தாக்கல் செய்திருந்தால் அது அடுத்த மாதத்தில் தெரியும். ஜி.எஸ்.டி. எண், பில் எண், தேதி, வரித்தொகை நான்கையும் பாருங்கள். பில் எண்ணில் ஒரு சாய்கோடு விடுபட்டாலே எக்செல் பொருந்தவில்லை என்று காட்டும்.